தலைமுடி உலர்த்தும் கருவிக்கு ஜெர்மன் மொழியில் உள்ள பெயர் லத்தீன் காற்றுப் பெயரிலிருந்து வந்ததா?

ஆம். அந்தப் பெயர் ஃப்யோன்; ஆல்ப்ஸ் மலையில் வீசும் வெப்பக் காற்றின் பெயரும் அதுதான். லத்தீனில் மேல்காற்றுக்கு, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கு, ஃபாவோனியுஸ் என்று பெயர். அது வீசத் தொடங்கினால் வசந்தம், கடல் பயணத்துக்கு வழி திறந்தது என்று ரோமர்கள் கொண்டார்கள். ரோம எழுத்தாளர் பிளினி அந்த நாளை இன்றைய கணக்கில் பிப்ரவரி 8 என்றே குறித்திருக்கிறார். 'இதமாகச் சூடேற்று' என்று பொருள்படும் ஃபொவேரே என்ற வினையோடு இந்தப் பெயரைப் பலரும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

பேச்சு லத்தீனில் இரண்டு உயிர்களுக்கு நடுவே இருந்த 'வ' தேய்ந்தது. ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளில் அந்தச் சொல்லைக் கேட்ட ஜெர்மானியர் வாயில் அது 'ஃபோன்னோ' ஆனது, பிறகு 'ஃப்யோன்' ஆனது. (உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஏ' சொன்னால் அந்த உயிர் வரும்.) லத்தீனிலிருந்து வந்த சுவிட்சர்லாந்தின் ரோமான்ஷ் மொழியோ ஃபவூஞ் என்று பழைய 'வ'வைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. கோதிக் என்ற பழைய ஜெர்மானிய மொழியில் 'ஃபோன்' என்றால் நெருப்பு. அதைப் பார்த்து இது ஜெர்மானியச் சொல்தான் என்று முடிவுகட்டுபவர்கள் ரோமான்ஷ் வடிவத்தைக் கவனிப்பதில்லை. ஒலி ஒத்துப்போவது தற்செயல்.

இதில் முக்கியமானது பொருள் மாறிய விதம். ஆல்ப்ஸின் வடசரிவில் ஃப்யோன் தெற்கிலிருந்து வருகிறது, மேற்கிலிருந்து அல்ல. சொல் மலையேறியபோது திசையை விட்டுவிட்டு வெப்பத்தை வைத்துக்கொண்டது.

அந்த வெப்பம் எப்படி வருகிறது? 500 மீட்டர் உயரத்தில் 10 டிகிரியில் இருக்கும் ஈரக்காற்று தென்சரிவில் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். மேகம் உண்டாகும் வரை 100 மீட்டருக்கு ஒரு டிகிரி குளிரும். 1000 மீட்டரில் 5 டிகிரி. அதற்குமேல் நீராவி மழையாக மாறும்போது வெப்பம் வெளிப்படுவதால் 100 மீட்டருக்குச் சுமார் 0.6 டிகிரிதான் குறையும். 2500 மீட்டர் முகட்டில் மைனஸ் 4. மறுபக்கம் உலர்ந்த காற்றாக இறங்குகையில் 100 மீட்டருக்கு முழுசாக ஒரு டிகிரி ஏறும். அதே 500 மீட்டர் உயரத்தில் இப்போது 16 டிகிரி! மழையே இல்லாமல், மேலடுக்குக் காற்று இறங்கி வந்தாலும் ஃப்யோன் வீசும்; பாடநூல்கள் பலவும் இதைச் சொல்லாமல் விடுகின்றன. மரவீடுகள் காய்ந்து கிடக்கும் நேரத்தில் தீப்பொறி விழுந்தால் அவ்வளவுதான். 1861 மே மாதம் சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் நகரின் பெரும்பகுதி அப்படித்தான் எரிந்தது.

மட்டக்களப்புப் பக்கத்துக் கச்சான் காற்றும் இதே வகை. தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு கிழக்கே வறண்டு இறங்குகிறது. கச்சான் என்றால் மேல்காற்று. பெயரும் திசையும் இங்கே பிரியவில்லை.

கருவிக்கு வருவோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினின் சானிடாஸ் நிறுவனம் இந்தக் காற்றின் பெயரைத் தன் கருவிக்கு வணிகப் பெயராக்கியது. பின்னர் அந்த உரிமை ஏஇஜி என்ற ஜெர்மன் மின்கருவி நிறுவனத்தின் கைக்குப் போனது. ஜெர்மனிலிருந்து அது ரஷ்யனில் ஃபென், துருக்கியில் ஃப்யோன், இத்தாலியனில் ஃபோன் என்று பரவியது. இத்தாலியர் சிலர் அதைக் கிரேக்கச் சொல் மாதிரி 'பிஎச்' போட்டு எழுதுவது தவறான ஊகத்தில் பிறந்த எழுத்து. ஃபாவோனியோ என்ற சொந்த வடிவம் அவர்களிடம் காற்றுக்கு இருக்கிறது.

ஜெர்மன் எழுதுபவர்களுக்கு: முன்பு காற்றுக்கு நடுவில் 'எச்' உண்டு, கருவிக்கு இல்லை. 1996 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு இரண்டுக்கும் 'எச்' உண்டு. அது இல்லாத வடிவம் வணிகப் பெயருக்கு மட்டும்.