நாற்பத்தைந்தில் வரும் அசதி: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

எனக்கு 45 வயது. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு காலணித் தொழிற்சாலையில் தையல் பிரிவு மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஒரு வருடமாக, மாலையில் வீடு திரும்பினால் செருப்பைக் கழற்றக் குனியவும் முடியாத அசதி. மாதவிடாய் ஒருமுறை பதினெட்டு நாளிலேயே வந்துவிடுகிறது. அடுத்தமுறை இரண்டு மாதமாகியும் வருவதில்லை. வந்தால் கட்டி கட்டியாகப் போகிறது. பின்னிரவில் ரவிக்கை நனைய வியர்த்து விழிப்பு வந்தால் மறுபடி தூக்கம் பிடிப்பதில்லை. மாமியார் உடம்புச் சூடு என்கிறார். கணவர் வயதானால் அப்படித்தான் என்கிறார். டானிக் குடித்தும் பலனில்லை. எதைச் சாப்பிட்டால் தெம்பு வரும்? வேலையை விட்டுவிடலாமா? பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. இந்தப் பருவத்தைக் கடந்தவள், அதைப் பற்றித் தேடிப் படித்தவள், அவ்வளவே. நீங்கள் உணவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கவனிக்க வேண்டியது கட்டி கட்டியாகப் போவதைப் பற்றியும் பின்னிரவு வியர்வையைப் பற்றியும் நீங்கள் எழுதிய இரண்டு வரிகளைத்தான்.

மாதவிடாய் தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்த பிறகே அது நின்றுவிட்டது என்று மருத்துவர்கள் சொல்வார்கள். அதற்கு முந்தைய சில ஆண்டுகளைப் பெரிமெனோபாஸ் என்கிறார்கள். அப்போது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சீராகக் குறைவதில்லை. தாறுமாறாக ஏறி இறங்குகிறது. கருமுட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் சுரக்காமல் போவதால், கருப்பையின் உட்சவ்வு தடித்து, பிறகு பெரும்போக்காக வெளியேறுகிறது. இதே ஏற்ற இறக்கம் மூளையில் உடல் வெப்பத்தைக் காக்கும் பகுதியையும் குழப்புவதால்தான் இரவில் வியர்க்கிறது. இரத்தமும் உறக்கமும் ஒருசேரக் கசிந்துகொண்டிருக்கும்போது மேலே டானிக்கை ஊற்றுவது, அடியில் ஓட்டையுள்ள குடத்தில் தண்ணீர் சேந்துவது போலத்தான்.

ஆகவே முதலில் இரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் அது சோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடலின் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கக்கூடும் என்பதால் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு குறைந்தாலும் அசதியும் அதிகப் போக்கும் சேர்ந்து வரலாம். எனவே அதையும், சர்க்கரையையும், பி12 வைட்டமினையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். கட்டி கட்டியாகப் போவதும் 21 நாளுக்குள் திரும்ப வருவதும் மகளிர் மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டியவை. கருப்பையில் நார்க்கட்டி இருக்கலாம், உட்சவ்வைச் சோதிக்க வேண்டியும் வரலாம். இதையெல்லாம் பார்ப்பதற்கு முன்பே "வயதானால் அப்படித்தான்" என்று முடித்துவிடுவது சரியில்லை. மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-இல் பெண்களுக்காக ஒற்றைப் படுக்கையோடு மருத்துவமனை தொடங்கிய வேலூரில், இன்றும் மாமனாரின் மருத்துவ ஃபைலைச் சுமந்துகொண்டு வரிசையில் நிற்கும் பெண்களில் எத்தனை பேர் தமக்கென்று ஒரு சீட்டு வாங்குகிறார்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

இப்போது உணவுக்கு வருகிறேன். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் ஓர் அம்மாள், இரும்புச்சத்து மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி, கையிலிருந்த தேநீரோடு விழுங்குவதைப் பார்த்திருக்கிறேன். தேநீர் இரும்பை உடலில் சேரவிடாது. பாலும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் அப்படியே. மருத்துவர் மாத்திரை எழுதித் தந்தால் எலுமிச்சைச் சாற்றோடு விழுங்குங்கள். தேநீரை ஒரு மணிநேரமாவது தள்ளி வையுங்கள். மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம். கேழ்வரகுக் களி எலும்புக்கு நல்லது. ஆனால் இழந்த இரும்பை அது மட்டும் ஈடுகட்டாது. முட்டை, கொள்ளு, வேகவைத்த மல்லாட்டை (வேர்க்கடலை), கிடைத்தால் ஆட்டு ஈரல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தினமும் தட்டில் இருக்கட்டும். இந்த வயதில் தசை கரையத் தொடங்குவதால் புரதம் அவசியம்.

உறக்கத்திற்கு நம்மூர் வெயிலே முதல் எதிரி. அக்னி நட்சத்திரத்தில் பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் கூரை, நள்ளிரவு வரை வெப்பத்தைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். அந்தி சாய்ந்ததும் மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்து, ஜன்னலோரம் பருத்தி விரிப்பில் படுத்தால் ஓரளவு அடங்கும். மாலை நான்கு மணிக்கு மேல் தேநீர், காப்பி வேண்டாம். உங்கள் மாமியார் சொல்லும் எண்ணெய்க் குளியலால் கெடுதல் இல்லை; ஆனால் ஹார்மோன் வியர்வையை அது நிறுத்தாது. வியர்வை தாங்க முடியாமல் போனால் ஹார்மோன் சிகிச்சை பற்றிக் கேளுங்கள். 2002-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வுக்குப் பின் அதன்மேல் பெரும் அச்சம் பரவியது. ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. மார்பகப் புற்றுநோயோ இரத்தக்கட்டு நோயோ இல்லாத, 60 வயதுக்குட்பட்ட பெண்களுக்குப் பெரும்பாலும் நன்மையே அதிகம் என்பதுதான் இன்றைய மருத்துவர்களின் கருத்து.

நடைப்பயிற்சியை இரத்தம் ஊறிய பிறகு மெல்லத் தொடங்குங்கள். சோகையோடு ஓடினால் மூச்சுதான் வாங்கும்.

வேலையை விடுவது பற்றி இப்போது முடிவெடுக்காதீர்கள். இரும்பு ஏறி, இரண்டு மூன்று மாதம் தூங்கி எழுந்த பிறகு அந்தக் கேள்வியை மறுபடி எடுத்துப் பாருங்கள். அதுவரை மேலாளரிடம் சொல்லி ஓவர்டைமை மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போகும்போது, கடைசி ஆறு மாதவிடாய்த் தேதிகளை நாட்காட்டித் தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.