டி.ஏ. ஜவானுக்கு அடிபட்டால் பென்ஷன் உண்டா?

கேள்வி: என் கணவர் ஊரில் லேத் பட்டறையில் வேலை செய்கிறார், டெரிட்டோரியல் ஆர்மி (டி.ஏ., சொந்தத் தொழில் பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகச் சேவை செய்யும் படை) ஜவானும்கூட. எம்பாடிமென்ட்டில் (முழுநேரப் பணிக்கு அழைக்கப்பட்ட காலத்தில்) இருந்தபோது, காலை ஓட்டத்தில் பள்ளத்தில் கால் வைத்து முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. ஆபரேஷன் செய்தும் சரியாகவில்லை. அடுத்த மாதம் மெடிக்கல் போர்டு (ராணுவ டாக்டர்கள் குழுவின் பரிசோதனை). வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் போலிருக்கிறது. டி.ஏ.காரர்களுக்கு டிஸெபிலிட்டி பென்ஷன் (ஊன ஓய்வூதியம்) கிடையாது என்று உடன் இருப்பவர்களே சொல்கிறார்களாம். உண்மையா?

பதில்: உண்மையில்லை, சகோதரி. பட்டாலியன் கேன்டீனில் பல வருஷமாகச் சுற்றிவரும் கதை அது. 1961 ராணுவ பென்ஷன் விதிகளில் 292-ஆவது விதி, டி.ஏ. வீரர்களுக்கும் ரெகுலர் ராணுவத்துக்கான பொது விதிகளே பொருந்தும் என்றது. உத்தராகண்டின் குமாவூன் பக்கம் டி.ஏ. எக்கலாஜிகல் (சுற்றுச்சூழல் பணி) பட்டாலியன் ஜவான் ஒருவர், லீவு முடிந்து ஸ்கூட்டரில் திரும்பும்போது விபத்தில் காலை இழந்தார். போர்டு 80 சதவீத ஊனம் என்று எழுதியும் பென்ஷனை மறுத்தார்கள். சேரும்போதே 'கூடுதல் பென்ஷன் கேட்க மாட்டேன்' என்று எழுதிக் கொடுத்தாயே என்பது ஒரு காரணம். 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தக் காகிதம் செல்லாது என்று சொல்லி, டிஸெபிலிட்டி பென்ஷன் கொடுக்கச் சொன்னது.

ஆனால் உங்கள் வழக்கின் பாதி, போர்டு உட்காரும் முன்பே முடிந்துவிடும். ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் மேஜையில் இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: இன்ஜுரி ரிப்போர்ட் எங்கே என்று முதலில் கேளுங்கள். ஐ.ஏ.எஃப்.ஒய். 2006 என்ற படிவம். அடிபட்டபோது ஆள் டியூட்டியில் இருந்தாரா என்று சி.ஓ. (பட்டாலியன் தலைமை அதிகாரி) எழுதிக் கையெழுத்துப் போடும் இடம் அதில் இருக்கிறது. அந்த இடம் காலியாகவோ, 'விளையாடும்போது' என்று மொட்டையாகவோ இருந்தால் பின்னால் எல்லாமே தகராறு. கோர்ட் ஆஃப் என்கொயரி (ராணுவத்தின் உள் விசாரணை) நடந்திருந்தால் அதன் நகல் வேண்டும். எம்பாடிமென்ட் தேதியைக் காட்டும் பார்ட் டூ ஆர்டர் (யூனிட் வெளியிடும் பதிவு உத்தரவு), எம்.ஐ. ரூமில் (யூனிட் மருத்துவ அறை) முதல் நாள் காட்டிய சீட்டு, எம்.எச். (ராணுவ மருத்துவமனை) டிஸ்சார்ஜ் சம்மரி, இவையும் வேண்டும். டி.ஏ.வில் தேதிதான் உயிர். டிஸ்எம்பாடி ஆகி (பணிக்காலம் முடிந்து ஊர் திரும்பி) லேத்தில் நிற்கும் நாளில் அடிபட்டிருந்தால் இந்தப் பதிலே வேறு.

போர்டு பார்ப்பது இரண்டு விஷயம். காயம் சர்வீஸால் வந்ததா அல்லது சர்வீஸால் கூடியதா, அப்புறம் எத்தனை சதவீதம். 'பழைய காயம்' என்று யாராவது ஆரம்பித்தால், சேரும்போது எடுத்த மெடிக்கலில் முழங்காலைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லை என்பதைக் காட்டுங்கள். சதவீதத்தில், இன்வேலிட் ஆகி (உடல் தகுதியில்லை என்று அனுப்பப்பட்டு) வெளியேறுபவருக்கு 2001 ஜனவரி 31 பாதுகாப்பு அமைச்சகக் கடிதப்படி 50-க்குக் கீழே இருந்தால் 50 என்றே கணக்கு. 50 முதல் 75 வரை 75, அதையும் தாண்டினால் 100.

நம் ஆட்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. டாக்டர் 'எப்படி இருக்கு?' என்றால், விறைப்பாக நின்று 'நல்லா இருக்கு சார்' என்பார்கள். உங்கள் கணவர் மாடிப்படி இறங்கும்போது என்ன ஆகிறது, லேத் முன்னால் எத்தனை நிமிஷம் நிற்க முடிகிறது என்று அப்படியே சொல்லட்டும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். சொந்த விருப்பத்தில் விலகுகிறேன் என்று மட்டும் எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள், 'சீக்கிரம் முடிஞ்சிடும்' என்று யார் சொன்னாலும் சரி.

மறுத்தால் ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் போனால் இரண்டாவது, அப்புறம் சென்னையிலேயே ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது. போர்டு நடவடிக்கைகளின் நகலைத் தர இழுத்தடித்தால் ஆர்.டி.ஐ. போடுங்கள். மறுப்புக் கடிதம் வந்த உறையையும் பத்திரமாக வையுங்கள். ஆறு மாதத்தை எந்த நாளில் இருந்து எண்ணுவது என்ற தகராறு வந்தால் அதில் உள்ள தபால் முத்திரைதான் பேசும்.