தேயிலைச் சக்கைக்குச் சிவப்பு ஏன் மசியவில்லை?

கேள்வி: நோர்வூட்டில் வீட்டிலேயே சாயம் தோய்க்கிறேன். வாழைநார் தோய்த்த ஊதா, பச்சைத் தண்ணீர் தேயிலைச் சக்கையில் தெளிகிறது. பத்திக் துணியின் சிவப்புத் தண்ணீர் மட்டும் அப்படியே நிற்கிறது. ஒரு தரகர் கழிவுத் தேயிலை (தொழிற்சாலையில் கழித்துவிடும் தேயிலை) மூட்டை தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். கழிவுத் தேயிலையை வைத்திருக்கவும் விற்கவும் இலங்கைத் தேயிலைச் சபையின் அனுமதி வேண்டும். பிடிபடும் நாளில் தரகர் இருக்கமாட்டார், மூட்டை உங்கள் வீட்டில் இருக்கும். அதில் சீனியும் வேறு கலப்படமும் இருந்தால் சாயத்தோடு அதுவும் ஓடைக்குப் போகும். தேத்தண்ணிக் கடையில் வீசும் சக்கையே போதும். பாலும் சீனியும் கலந்ததாக இருக்கக்கூடாது.

உங்கள் சக்கையில் குறை இல்லை. அது எதிர்மின் ஏற்றம் கொண்டது. நாருக்குப் போடும் ஊதாவும் பச்சையும் பெரும்பாலும் நேர்மின் ஏற்றச் சாயங்கள், அதனால் ஒட்டிக்கொள்கின்றன. உங்கள் பத்திக் சிவப்பைப் போல, பருத்திக்குச் சலவைச் சோடாவும் உப்பும் சேர்த்துப் போடும் சாயமும் எதிர்மின் ஏற்றம்தான், சக்கை தள்ளிவிடும். மூன்று மூட்டை கொட்டினாலும் இதுதான் நடக்கும். பொட்டலத்தில் சாயத்தின் வகையை எழுதாமல் மறுபடி கட்டி விற்பவர்களைக் கேட்க ஆளில்லை. காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகும் ஓடை சிவந்தால் மட்டும் நோட்டீஸ் உங்களைத் தேடி வரும்.

ஊதா, பச்சைக்கு: சக்கையைக் கொதிக்கவைத்து வடியுங்கள். வடிநீரில் பழுப்பு வராதவரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இதை விட்டால் சாயம் போய்த் தேயிலைக் கறை வரும். காயவைத்து, லீட்டருக்கு 5 கிராம் கணக்கில் எடுத்து, பாதியைப் போட்டு ஒரு மணிநேரம் கிளறி, துணியில் வடித்து, மீதியை அந்த நீரில் போடுங்கள். ஒரேயடியாகப் போடுவதைவிட இது நன்றாக இழுக்கும்.

கடும் அமிலத்தில், பி.எச். (அமில, கார அளவு) 2, 3 அளவில், சக்கை சிவப்பையும் ஓரளவு பிடிக்கும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் சோடா கலந்த நீரை அங்கே கொண்டுவர நிறைய அமிலம் வேண்டும், அது நுரைத்துப் பொங்கும். பிறகு அந்த அமிலநீரை ஓடையில் விட முடியாமல் சுண்ணாம்பு தேடவேண்டும். வீட்டுக்கு ஆகாத வேலை.

சிவப்புக்கு எப்சம் உப்பும் (மக்னீசியம் சல்பேற்று) நீற்றுச் சுண்ணாம்பும். ஒரு லீட்டர் சிவப்புத் தண்ணீரைப் போத்தலில் எடுத்துச் சோதியுங்கள்: 2 கிராம் எப்சம் கரைத்து, பி.எச். தாள் 11 காட்டும்வரை சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கிளறி, இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள். சாயம் திரிந்து அடியில் படியும். தெளியாவிட்டால் எப்சத்தை 3 கிராமாக்குங்கள். மேல்நீர் கடுங்காரம், வினாகிரி விட்டு 8க்கு இறக்காமல் வெளியே விடவேண்டாம்.

படிந்த மண்டியையும் சாயம் ஏறிய சக்கையையும் மரக்கறிப் பாத்தியில் போடாதீர்கள். மழை படாமல் காயவைத்துப் பையில் கட்டிப் பிரதேச சபைக் கழிவோடு கொடுங்கள்.