ஏற்றத்தில் ஓடு, இறக்கத்தில் நட: மலைப் பள்ளித் தடகளம், கேள்வி பதில்

பள்ளிகளுக்கு இடையிலான குறுவட்டப் போட்டிகள் நெருங்கிவிட்டன. நீலகிரியில் ஓடுகிற பிள்ளைகள், ஓட வைக்கிற ஆசிரியர்கள், வெந்நீர் வைத்துக் காத்திருக்கிற பெற்றோர் யாரும் கேட்கலாம். ஓட்டம், உடம்பு, மைதானம் பற்றிக் கேளுங்கள். ஒதுக்கீடு, சான்றிதழ், யாரைப் பார்த்தால் நடக்கும் என்பதெல்லாம் என் துறை இல்லை.

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்), ஓர் அம்மா: டீச்சர், பையன் ஒன்பதாவது படிக்கிறான். 1500 மீட்டர் ஓடுவான். தினமும் விடியற்காலையில் ஊரிலிருந்து டவுன் வரைக்கும் 5 கிலோமீட்டர் ஓடிவிட்டு மினி பஸ்ஸில் திரும்பி வருகிறான். இப்போது முட்டிக்குக் கீழே வலி. தொட்டுப் பார்த்தால் எலும்பு புடைத்த மாதிரி இருக்கிறது.

பதில்: ஊர் மேலே, டவுன் கீழே. ஆக, பையன் இறக்கம் முழுக்க ஓடுகிறான், ஏற்றம் முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வருகிறான். தலைகீழாக மாற்றுங்கள். பஸ்ஸில் இறங்கட்டும், ஓடி ஏறட்டும்.

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. அந்த இழுப்பெல்லாம் முட்டிச்சில்லு வழியாகக் கீழே வந்து, முன்கால் எலும்பின் மேல்முனையில் ஒரே இடத்தில் விழும். வளர்கிற பையனுக்கு அந்த இடம் இன்னும் குருத்தாகத்தான் இருக்கும். தினமும் பிடித்து இழுத்தால் வீங்கிப் புடைக்கும். டாக்டர் ஆஸ்குட் ஷ்லாட்டர் என்று எழுதிக் கொடுப்பார். பேரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் வளர்ச்சி முடியும்போது வலியும் போய்விடும், புடைப்பு மட்டும் சிலருக்குத் தங்கும்.

அதுவரை இறக்க ஓட்டம், தாண்டுதல், முட்டி போட்டு உட்காருதல் மூன்றும் வேண்டாம். ஓடி முடித்ததும் துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம். வலியைப் பத்துக்கு எத்தனை என்று அவனையே கேளுங்கள். மூன்று வரை இருந்தால் மெதுவாக ஓடலாம், அதற்கு மேல் போனால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். இரவில் தூக்கம் கெடுகிற வலி, நொண்டி நடப்பது, முட்டி முழுக்க வீக்கம் இருந்தால் டாக்டரிடம் போய்விடுங்கள். வலி முட்டிக்கடியில் இல்லாமல் முன்கால் எலும்பின் நடுவில், ஒற்றை விரலால் தொட்டுக் காட்டும்படி இருந்தாலும் அப்படியே. எலும்பில் மயிரிழை விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். எக்ஸ்ரே சுத்தம் என்று சொல்லி அடுத்த நாளே ஓடவிடாதீர்கள்.

ஊட்டி, பத்தாம் வகுப்பு மாணவன்: மிஸ், காலை ஐந்து மணிக்கு ரோட்டில் ஓடலாமா?

பதில்: கூடாது தம்பி. தேயிலைக்குள்ளிருந்து காட்டுமாடு ரோட்டுக்கு இறங்கி நிற்கிற நேரம் அது. கோத்தகிரிப் பக்கம் கரடி வேறு. வெளிச்சம் வந்த பிறகு, இரண்டு பேராக ஓடுங்கள். காதில் பாட்டு வேண்டாம்.

ஊட்டி, உடற்கல்வி ஆசிரியர்: நம் பிள்ளைகள் கென்யாக்காரர்கள் மாதிரி உயரத்திலேயே வளர்கிறவர்கள். எல்லாரையும் 3000 மீட்டருக்கு விட்டுவிடுவதுதானே புத்திசாலித்தனம்?

பதில்: சார், இந்தக் கணக்கு பாதி சரி. 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ சிட்டியும் ஊட்டியும் ஏறக்குறைய ஒரே உயரம், 2240 மீட்டர். அங்கே கென்யாவின் நாஃப்தாலி தெமு 10,000 மீட்டரை 29 நிமிடம் 27 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். அப்போது ரான் கிளார்க் கையில் இருந்த உலக சாதனை 27 நிமிடம் 39 விநாடி. அதே கிளார்க் அங்கே ஓடி முடித்ததும் மயங்கி விழுந்தார். அதே மைதானத்தில் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டினார், 100 மீட்டரில் ஜிம் ஹைன்ஸ் 9.95 ஓடினார். காற்று லேசாக இருப்பதால் வேக ஓட்டத்துக்கும் தாண்டுதலுக்கும் உதவி, நெடுந்தூரத்துக்கு இடைஞ்சல். உயரம் ஒன்றே போதுமென்றால் லடாக்கிலிருந்து பத்துப் பதக்கம் வந்திருக்க வேண்டும்.

மலையில் இருப்பதால் ரத்தம் தேறும், அது நிஜம். ஆனால் காலுக்கு வேகம் பழகாது. ஊட்டியில் ஒரு மூச்சில் கிடைக்கிற ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் முக்கால் பங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். கோவைப் பயிற்சியாளர் எழுதிய அட்டவணையை அப்படியே இங்கே போட்டால் பிள்ளைகள் நான்காவது சுற்றில் நொந்துவிடுவார்கள். அவர் ஆறு தடவை 400 மீட்டர், நடுவில் 90 விநாடி ஓய்வு என்றால், நீங்கள் ஓய்வை இரண்டு, இரண்டரை நிமிடமாக்குங்கள். வேகத்தைக் குறைக்காதீர்கள். ஓய்வைக் குறைத்து வேகத்தை விட்டுவிடுவதுதான் மலைப் பள்ளிகளில் நான் அதிகம் பார்க்கிற தப்பு. வாரம் ஒரு நாள், மிதமான ஏற்றத்தில் 60 மீட்டர் எட்டு தடவை முழு வேகம். திரும்பி வரும்போது நடந்து வரட்டும். *நடந்து.*

யாருக்கு எது என்பதை ஏழாவது எட்டாவதில் முடிவு செய்யாதீர்கள். எல்லாரையும் 100, 600, நீளம் தாண்டுதல் மூன்றிலும் ஒரு வருஷம் விடுங்கள்.

குன்னூர், அப்பா ஒருவர்: மகளுக்கு முட்டி வலி. எஸ்டேட் ரோட்டில் கீழே இறங்கி ஓடுகிறாள்.

பதில்: முதல் பதில்.

கோத்தகிரிப் பக்கம், அரசுப் பள்ளி ஆசிரியை: எங்கள் மைதானத்தில் 400 மீட்டர் டிராக் போட முடியாது. 200 மீட்டர் போட அளவு சொல்லுங்கள். போன வருஷம் போட்டதில் ஒரு லேன் நீளம், ஒரு லேன் குட்டை.

பதில்: கயிற்றில் அளந்திருப்பீர்கள். நைலான் கயிறு ஈரத்தில் ஒரு நீளம், வெயிலில் ஒரு நீளம். இரும்பு டேப் மட்டும்தான். கூட ஆறு முளைக்குச்சி, ஒரு சுத்தியல்.

நான்கு லேன் வேண்டுமென்றால் ஏறக்குறைய 88 க்கு 48 மீட்டர் இடம் தேவை. நேர்ப்பகுதி இரண்டும் 40 மீட்டர், ஆக 80. மீதி 120 மீட்டர் இரண்டு அரைவட்டத்தில் வர வேண்டும், அதற்கு ஆரம் 19.10 மீட்டர். ஆனால் பிள்ளை கோட்டின் மேலேயே ஓடுவதில்லை. விளிம்புக் கட்டை இல்லாமல் கோடு மட்டும் போடும்போது, கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி ஓடுவதாகக் கணக்கு. அதனால் கோடு போடுகிற ஆரம் 18.90. இந்த 20 சென்டிமீட்டரை விட்டால் ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் மீட்டர் கூடிவிடும்.

முதலில் 40 க்கு 37.80 மீட்டர் செவ்வகம் ஒன்று அடியுங்கள். மூலைக்கு மூலை 55.03 மீட்டர் வர வேண்டும், இரண்டு பக்கமும். பத்து சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தாலும் முளையைப் பிடுங்கி மறுபடி அடியுங்கள். உங்கள் லேன் கோளாறு பெரும்பாலும் இங்கேதான் தொடங்கியிருக்கும். பிறகு 37.80 பக்கத்தின் நடுவில் முளை அடித்து, டேப்பை 18.90-இல் பிடித்து அரைவட்டம். டேப் தொய்யாமல் இழுத்துப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும்.

லேன் அகலம் 1.22 மீட்டர். ஒரு முழுச் சுற்று லேனிலேயே ஓடும் 200 மீட்டருக்கு, இரண்டாவது லேன் 7.67 மீட்டர் முன்னால் நிற்கும், மூன்றாவது 15.33, நான்காவது 23.00. மைதானம் சாய்வா என்று பார்க்கக் கொத்தனாரிடம் ட்யூப் லெவல் கேளுங்கள். விதிப்படி ஓடும் திசையில் 1000-க்கு 1, அதாவது 40 மீட்டருக்கு 4 சென்டிமீட்டர்தான் இறங்கலாம். மலையில் அப்படி இடம் கிடைப்பது கஷ்டம். கிடைக்காவிட்டால், அங்கே எடுத்த நேரத்தை வைத்து மாநிலத் தகுதி வந்துவிட்டது என்று பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள்.

குன்னூர், பதினொன்றாம் வகுப்பு மாணவி: மிஸ், 800 ஓடுவேன். இரண்டு மாதமாக இரண்டாவது சுற்றில் மூச்சு வாங்குகிறது, பிரியட்ஸ் நாட்களில் ரொம்ப மோசம்.

பதில்: பயிற்சியைக் கூட்டாதே பாப்பா. முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார். சமவெளியில் உன் வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தச்சோகை. மலையில் இருக்கிறவர்களுக்கு அந்த எல்லையில் ஏறக்குறைய ஒரு கிராம் கூட்டிப் பார்க்க வேண்டும். அதனால் 12.2 வந்து யாராவது நார்மல் என்றால் அதோடு விடாதே, ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேள்.

பள்ளியில் வாரத்துக்கு ஒன்று தருகிற நீல இரும்புச்சத்து மாத்திரையை பைக்குள் போட்டு வைக்காமல் விழுங்கு. வயிறு புரட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு போடு. முக்கியமாக, சாப்பாட்டோடு டீ வேண்டாம். டீயில் இருக்கிற டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. டீத் தோட்டத்து ஊரில் போய் இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் அல்லது பின்னால் குடி. கீரை, பயறோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்.

ஊட்டி, அப்பா ஒருவர்: விளையாட்டு விடுதியில் சேர்க்க என்ன செய்ய வேண்டும்? எந்தச் சான்றிதழுக்கு எத்தனை மார்க்?

பதில்: மார்க் விவரத்தை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேளுங்கள். விடுதித் தேர்வு அறிவிப்பு தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் இணையதளத்தில் வரும். சான்றிதழுக்கு லேமினேஷன் போடாதீர்கள்.

ஹட்டி கால்பந்து அணி, பொறுப்பாளர்: டீச்சர், ஒரு நியாயம் சொல்லுங்கள். ஏழு பேர் ஆடுகிற எங்கள் ஊர்க் கோப்பைக்கு, 400 மீட்டர் ஓடுகிற பிளஸ் ஒன் பையன் ஒருவனைக் கேட்டோம். மாவட்டத் தடகளப் போட்டி ஒரு வாரத்தில் இருக்கிறது என்று பள்ளியில் விட மறுக்கிறார்கள். அவனுக்கு ஷூ வாங்கிக் கொடுத்தது ஊர்.

பதில்: பள்ளி சொன்னதுதான் சரி. ஆடிவிட்டு உடம்பு தேற ஒரு வாரம் போதாது.

குன்னூர், உடற்கல்வி ஆசிரியர்: நன்றாகக் கேளுங்கள். வருஷா வருஷம் இதேதான். மாவட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் பையன் நொண்டிக்கொண்டு வருவான். கேட்டால், வழுக்கி விழுந்தேன் சார் என்பான்.

பொறுப்பாளர்: சார், நீங்கள் மாற்றல் வாங்கிப் போய்விடுவீர்கள். பையன் இந்த ஊரில்தான் இருக்கப் போகிறான். மாவட்டத்தில் நாலாவது வந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? ஊர்க் கோப்பையை ஊரே பார்க்கும்.

கோத்தகிரி, முன்னாள் ஓட்டக்காரர்: ரெண்டு பேரும் பையனைக் கேட்டீர்களா?

பதில்: கேள்வியே அதுதான். ஆனால் பையன் ஊரிடம் முடியாது என்று சொல்ல மாட்டான். பெரியப்பா கேட்டால் மறுக்க முடியுமா? அதனால் அவன் சார்பில் உடம்பைப் பற்றி நான் சொல்கிறேன்.

400 மீட்டர் ஓடுகிறவனின் பின்தொடைத் தசை நேராக ஓடப் பழகியது. ஏழு பேர் ஆட்டத்தில் மைதானம் சின்னது, ஐந்து விநாடிக்கு ஒரு திருப்பம். மழையில் பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொள்ளும், உடம்பு திரும்பும், முட்டி திரும்பாது. பின்தொடை லேசாகப் பிடித்தாலே பத்து நாள் போகும், கொஞ்சம் கிழிந்தால் மூன்று முதல் ஆறு வாரம். காயமே இல்லாவிட்டாலும் கடின ஆட்டத்தின் அலுப்பு போக இரண்டு மூன்று நாள் ஆகும், நாக் அவுட்டில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வைப்பீர்கள்.

அதே சமயம், குன்னூர் சார், ஊரைப் பகைத்துக்கொண்டு எந்தப் பள்ளியும் அணி நடத்த முடியாது. பஸ் காசு, ஷூ, போட்டி நாளில் சாப்பாடு எல்லாம் ஊர்தான் தருகிறது. வருஷத் தொடக்கத்தில் உங்கள் போட்டித் தேதிகளை ஒரு தாளில் எழுதிப் போய் ஊர்ப் பெரியவர்களிடம் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் இந்தச் சண்டை பாதி இருக்காது. போட்டிக்கு முன் பத்து நாள் ஆட்டம் இல்லை, மற்ற நேரத்தில் தாராளமாக ஆடலாம், ஒரு நாளைக்கு ஒரு ஆட்டம். இரண்டு பக்கமும் இதற்கு ஒத்துக்கொள்ள முடியும்.

குன்னூர், உடற்கல்வி ஆசிரியர்: தாள் கொடுத்தால் கேட்பார்களா?

பொறுப்பாளர்: கொடுத்துப் பாருங்களேன் சார்.

கூடலூர், ஆசிரியர்: இங்கே ஜூனில் தொடங்கினால் ஆகஸ்ட் வரை மழை. கோத்தகிரிக்காரர்களுக்கு அக்டோபருக்கு மேல்தான் பெருமழை. குறுவட்டத்துக்குள் பயிற்சியே நடப்பதில்லை.

பதில்: வராந்தா இருக்கிறதா? அது போதும். ஸ்கிப்பிங் ஒரு நிமிடம், ஒரு நிமிடம் ஓய்வு, பத்து தடவை. படியில் ஒற்றைக்கால் ஏற்றம், காலுக்குப் பதினைந்து, மூன்று சுற்று. மீதி நேரமெல்லாம் தொடர் ஓட்டக் கட்டை மாற்றுதல். நின்ற இடத்தில் நூறு தடவை, பிறகு நடந்து, பிறகு மெதுவோட்டம். 4 × 100-இல் கட்டை மாற்றும் மண்டலம் இப்போது 30 மீட்டர். பழைய 20-ஐயும் அதற்கு முன்னால் தனியாக 10-ஐயும் கோடு போட்டுக் குழப்பாதீர்கள். வேகமான நாலு பேர் இல்லாத பள்ளியும் கட்டையைக் கீழே போடாததாலேயே ஜெயிக்கும்.

ஊட்டி, அம்மா: போட்டி திருச்சியில். போன தடவை மகன் பாதியில் வாந்தி எடுத்துவிட்டான்.

பதில்: மலைப் பிள்ளைக்குத் தாகம் தெரியாது, குளிரில் வளர்ந்த பழக்கம் அது. வெயிலுக்கு உடம்பு முழுசாகப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் வேண்டும், பள்ளியில் யாரும் அத்தனை நாள் விடப் போவதில்லை. குறைந்தது முந்தின நாள் மதியமே இறங்கிவிடுங்கள், கொண்டை ஊசி வளைவில் புரட்டிய வயிற்றோடு ஓடக் கூடாது. ஓ.ஆர்.எஸ். ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கலக்குங்கள், பாதிப் பாக்கெட்டைக் கண்ணளவில் போடாதீர்கள். சிறுநீர் டீ நிறத்தில் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். வேர்வை வர வேண்டுமென்று பாலித்தீன் கவரைச் சுற்றிக்கொண்டு ஓடுகிற பழக்கம் சில பிள்ளைகளிடம் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து, அடியோடு நிறுத்துங்கள்.

கோத்தகிரி, மாணவன்: மிஸ், ஸ்பைக் ஆணி எத்தனை எம்.எம்.?

பதில்: சிந்தெடிக் டிராக்குக்கு 6, அதிகபட்சம் 9. மண் மைதானத்துக்கு 12. தார் ரோட்டில் போட்டு நடக்காதே.

குன்னூர், மாணவன்: மிஸ், இறக்கத்தில் ஓடினால் ஸ்பீடு வரும் என்று ஒரு அண்ணன் சொன்னார்.

பதில்: அண்ணனையே ஓடச் சொல்.

ஹட்டி கால்பந்து அணி, பொறுப்பாளர்: டீச்சர், ஃபைனலை இரண்டு வாரம் தள்ளிவைக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். பள்ளி மைதானத்துக்கு அந்த 200 மீட்டர் கோட்டை நம் பசங்களே போட்டுத் தருகிறார்கள். என்ன வாங்க வேண்டும்?

பதில்: நான்கு லேனுக்கு ஐந்து கோடு, மொத்தம் 1070 மீட்டர் வரும். சுண்ணாம்பு வாங்காதீர்கள், கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும். சாக் பவுடர் என்று கேட்டு வாங்குங்கள். முதல் நாள் சாயங்காலம் போட்டால் இரவுப் பனியில் நனைந்து கரைந்துவிடும், காலையில் வெயில் வந்த பிறகு போடுங்கள். மூலைக்கு மூலை அந்த 55.03-ஐ மட்டும் இரண்டு தடவை அளந்து பாருங்கள்.