பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் இரண்டே நாளில் நாறுகிறது. வெந்நீரில் போட்டால் போதுமா?

ஓரளவுக்குத்தான். சிக்கலே ஈரம்தான். துளைகளுக்குள் சோற்றுப் பருக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும் தங்கி, காயாமலே கிடந்தால் பாக்டீரியா பெருகும். சோப்பு டப்பாவின் கலங்கிய தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை ஊறவிடுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு.

வேலை முடிந்ததும் குழாயடியில் நுரை போகும்வரை அலசி, ஒட்டப் பிழிந்து, காற்றுப்படும்படி நிறுத்தியோ கிளிப்பில் தொங்கவிட்டோ வையுங்கள். வெயில் கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, பிசுக்கை நன்றாக அலசிய பிறகு, கொதிக்கும் நீரில் 5 நிமிடம் போடலாம். மைக்ரோவேவ் என்றால் சொட்டச் சொட்ட நனைத்து 1 நிமிடம். உலர்ந்த ஸ்பாஞ்ச் தீப்பிடிக்கும், கம்பி நார் உள்ளதை வைக்கவே கூடாது. எடுக்கும்போது இடுக்கி வேண்டும், உள்ளே இருப்பது கொதிநீர்.

இதெல்லாம் கிருமியைக் குறைக்குமே தவிர, ஒழிக்காது. 2017-இல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றில், அடிக்கடி சுத்தம் செய்த ஸ்பாஞ்சிலும் பாக்டீரியா குறைவாக இல்லை. வாரம் ஒருமுறை மாற்றச் சொன்னார்கள். கொதிக்க வைத்தும் நாற்றம் போகவில்லையா, தூக்கிப் போடுங்கள். மீன், கோழி வெட்டிய பலகைக்கு மட்டும் தனி ஸ்பாஞ்ச்.