படிக்காத அம்மாவுக்கு ஞாபகப் பரீட்சை

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. பள்ளிக்கூடமே போனதில்லை. ஞாபகசக்தி சோதனையில் 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்களாம், ஏதோ படம் வரையச் சொன்னார்களாம். மதிப்பெண் குறைவு, டிமென்ஷியாவாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் வீட்டில் பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் அவர்தான். இதை நம்பலாமா?

அந்த மதிப்பெண்ணை மட்டும் வைத்து நம்ப வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், அது 1975-ல் அமெரிக்காவில் வெளியான 30 மதிப்பெண் சோதனையாகத்தான் இருக்க வேண்டும். அதில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ஒன்றோடொன்று பின்னிய இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். பென்சிலே பிடித்திராத கைக்கு ஐங்கோணம் வராவிட்டால் அது மறதியா என்ன? ஹரியானாவில் பல்லப்கர் கிராமங்களில் எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களைச் சோதித்த ஆய்வாளர்கள், கழித்தல் கணக்கை எடுத்துவிட்டு வார நாட்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார்கள். சனி, வெள்ளி, வியாழன் என்று. கவனத்தைச் சோதிக்க அது போதும்.

டாக்டரிடம் நீங்கள் சொல்ல வேண்டியது வேறு. போன வருடம் தானாகச் செய்த எந்த வேலை இப்போது தடுமாறுகிறது? போன மாதம் சீட்டு எடுத்தது யார் என்பதில் குழப்பமா? கேட்டதையே அரைமணிக்குள் மூன்று தடவை கேட்கிறாரா? அப்படியென்றால் மதிப்பெண் என்னவாக இருந்தாலும் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: படிப்பு மூளையையே மாற்றிவிடும் என்கிறார்களே?

உண்மைதான். தெற்கு போர்ச்சுகலில் ஒரு காலத்தில் மூத்த பெண் வீட்டைப் பார்த்துக்கொள்வாள், தங்கைகள் பள்ளிக்குப் போவார்கள் (நமக்கும் தெரிந்த கதைதான்). அங்கே படித்த பெண்களையும் படிக்காத பெண்களையும் ஸ்கேனில் ஒப்பிட்ட ஆய்வு 1998-ல் வெளியானது. பழகிய சொற்களைத் திருப்பிச் சொன்னபோது இரு தரப்புக்கும் மூளை ஏறக்குறைய ஒரே மாதிரி இயங்கியது. அர்த்தமில்லாத போலிச் சொற்களைக் கொடுத்ததும் எழுத்தறியாதவர்கள் திணறினார்கள், மூளை இயங்கிய விதமும் வேறுபட்டது. எழுத்துக் கற்றவருக்குச் சொல்லை ஒலி ஒலியாகப் பிரிக்கும் பழக்கம் வந்துவிடுகிறது. மற்றவர் அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு போகிறார். இதை அறிவுக் குறைவு என்று சொல்வது அபத்தம்.

கேள்வி: அப்பா ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். தினமும் குறுக்கெழுத்துப் போடுவார். அவருக்கு எப்படி அல்சைமர்? அதுவும் ஒரே வருடத்தில் மளமளவென்று மோசமாகிவிட்டது.

படிப்பு நோயைத் தடுத்து நிறுத்துவதில்லை. அதைத் தாங்கும் தெம்பைத் தருகிறது. சேமிப்புள்ள குடும்பத்தில் வருமானம் நின்றாலும் சில காலம் வெளியே தெரியாது, அதுபோல. இந்தக் கையிருப்பைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்தவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் யாக்கோவ் ஸ்டெர்ன். 1986-ல் டேவிட் ஸ்னோடன் தொடங்கிய ஆய்வில் 678 கன்னியாஸ்திரிகள் இறந்தபின் மூளையைத் தானமாகத் தரச் சம்மதித்தார்கள். சிலருடைய மூளையில் அல்சைமர் சேதம் ஏராளம்; ஆனால் உயிரோடிருந்தவரை அறிகுறியே இல்லை.

கையிருப்பு தீரும்போது உள்ளே சேதம் முற்றியிருக்கும். அதனால்தான் படித்தவர்களிடம் நோய் தெரிந்தபின் சரிவு வேகமாக இருக்கிறது. அப்பாவின் படிப்பு வீண்போனதாக நினைக்காதீர்கள். இத்தனை வருடம் அதுதான் அவரைத் தாங்கியிருக்கலாம்.

கேள்வி: எனக்கு 54. தெரிந்தவர் பெயரே நாக்கு நுனியில் நின்றுவிடுகிறது.

கொஞ்ச நேரம் கழித்து நினைவுக்கு வந்தால் அது வயதின் வேலை. பழகிய தெருவில் வழி தவறினால்தான் கவலை. எதற்கும் பி12, தைராய்டு பார்த்துவிடுங்கள். தூக்க மாத்திரை போடுகிறீர்கள் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: 61 வயதில் புது மொழி கற்றால் பலன் உண்டா? மூளைப் பயிற்சி ஆப் வாங்கலாமா?

ஹைதராபாத்தில் டிமென்ஷியா வந்த 648 பேரை ஆராய்ந்ததில் (2013), ஒன்றுக்கு மேல் மொழி பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை வருடம் தாமதமாக வந்திருந்தது; படிக்காதவர்களிடமும் இந்தத் தாமதம் தெரிந்தது. ஆனால் அவர்கள் அந்த மொழிகளில் புழங்கியே வாழ்ந்தவர்கள். ஆறு மாத வகுப்பில் அந்தப் பலன் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். பிடித்திருந்தால் கற்றுக்கொள்ளுங்கள்.

ஆப்பில் விளையாடினால் அந்த விளையாட்டு நன்றாக வரும், அவ்வளவுதான். நடப்பதற்கு ஆதாரம் இதைவிட வலுவானது: வாரம் மூன்று நாள் 40 நிமிடம் நடந்த முதியவர்களுக்கு, நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதி ஒரு வருடத்தில் 2 சதவீதம் பெரிதானது. அப்புறம், காதையும் சோதித்துக்கொள்ளுங்கள். காது மந்தமாவது டிமென்ஷியாவுக்கான முக்கிய ஆபத்துக் காரணிகளில் ஒன்று. டிவி சத்தத்துக்காக வீட்டில் சண்டை நடக்கிறது என்றால், ஆப்புக்கு வைத்திருக்கும் பணத்தை காது மெஷினுக்குப் போடுங்கள்.