மாறாதவர் மனஸ்தாபப்படுவாரா?

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற போதகர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: பைபிளை ஆதியாகமத்திலிருந்து வரிசையாக வாசிக்கத் தொடங்கினேன். யோசுவா வரை வந்ததும் மூடிவைத்துவிட்டேன். பட்டணம் பட்டணமாக அழிக்கச் சொல்கிற தேவனும், சத்துருக்களைச் சிநேகிக்கச் சொன்ன இயேசுவின் பிதாவும் ஒருவர்தானா? கண்டிப்பான அப்பா தாத்தாவானதும் சாந்தமாகிவிடுவதுபோலக் கடவுளும் மாறிவிட்டார் என்கிறாள் என் தோழி. அப்படியென்றால் “நான் மாறாதவர்” என்பது என்ன?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, நீங்கள் யோசுவாவில்தான் நிறுத்தினீர்கள். நான் அந்தப் பக்கமே போகாமல் பல வருஷம் ஓட்டியவன். புதிய ஏற்பாடும் சங்கீதமும் மட்டும் உள்ள சின்னப் புத்தகம் ஒன்று எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். வியாதியஸ்தரைப் பார்க்கப் போனாலும் அடக்க ஆராதனைக்குப் போனாலும் அதுதான். வீட்டிலிருக்கும் பெரிய பைபிளை மூடிவைத்து விளிம்பைப் பார்த்தால் என் குட்டு வெளிப்பட்டுவிடும். சங்கீதம் இருக்கும் இடத்தில் ஒரு கருப்புக் கோடு, மத்தேயுவிலிருந்து கடைசிவரை விரல் அழுக்கு. எரேமியாவிலிருந்து மல்கியாவரை நேற்று வாங்கிய புத்தகம் மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கும். பிரசங்க மேடையில் “பைபிள் முழுவதும் தேவ வசனம்” என்று சொன்னதும் இதே ஆள்தான்.

உங்கள் கேள்வி புதிதல்ல. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்று ஒருவர் இருந்தார். கருங்கடல் ஓரத்து சினோப்பே பட்டணத்துக்காரர், கப்பல் வைத்திருந்த பணக்காரர். பழைய ஏற்பாட்டின் தேவன் வேறு, இயேசுவின் பிதா வேறு என்று அடித்துச் சொன்னார். பழைய ஏற்பாட்டை மொத்தமாக ஒதுக்கினார். லூக்கா சுவிசேஷத்தை வெட்டிச் சுருக்கி, பவுலின் நிருபங்களில் பத்தைச் சேர்த்து, இவ்வளவுதான் வேதம் என்றார். ரோமாபுரி சபை 144இல் அவரை விலக்கியது. அவர் காணிக்கையாகக் கொடுத்திருந்த 2,00,000 செஸ்டர்ஸ் ரோமக் காசையும் திருப்பிக் கொடுத்துவிட்டது. (காணிக்கையைத் திருப்பிக் கொடுத்த சபை! இது ஒன்றுக்காகவே எனக்கு அந்தக் கதை பிடிக்கும்.) மார்சியோன் தைரியமாக வாய்விட்டுச் சொன்னார். நான் சட்டைப்பையை வைத்துச் சத்தமில்லாமல் அதையே செய்துகொண்டிருந்தேன்.

இனி வசனத்துக்கு வருவோம். நம்மை மிரட்டுகிற வார்த்தைகளில் ஒன்று பத்துக் கட்டளைகளிலேயே வருகிறது: “எரிச்சலுள்ள தேவன்.” இன்றைய தமிழில் எரிச்சல் என்றால் என்ன? தூக்கம் கெட்டவனுக்கு வருவது, பேருந்து தாமதமானால் வருவது. மூலத்தில் உள்ள எபிரெயச் சொல் வேறு சங்கதி. தன் துணையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்க முடியாதவரின் வைராக்கியம் அது. அன்பில்லாத இடத்தில் அது வராது. அதே இடத்தில் கணக்கையும் பாருங்கள். அக்கிரமத்தை விசாரிப்பது மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும். இரக்கம் செய்வதோ ஆயிரம் தலைமுறைமட்டும். முதல் பாதியை மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

அப்புறம் கன்றுக்குட்டி. கட்டளை வாங்க மோசே சீனாய் மலைக்குப் போயிருக்கிறார். கீழே ஜனங்கள் பொன்னால் ஒரு கன்றுக்குட்டி வார்த்து ஆடுகிறார்கள். உடன்படிக்கையின் ஈரம்கூடக் காயவில்லை. தண்டனை வருகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் இத்தனைக்கும் பிறகு, யாத்திராகமம் 34இல், தாம் யார் என்று கர்த்தர் தம் வாயாலேயே சொல்கிறார். முதலில் வரும் சொல் கோபம் அல்ல: “இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்.” அதை அடுத்துத்தான், குற்றவாளியைச் சும்மா விடமாட்டேன் என்பதும் வருகிறது. இரண்டும் ஒரே மூச்சில். இந்த வாக்கியத்தைப் பழைய ஏற்பாடு மறக்கவே இல்லை. எண்ணாகமம் 14இல் மோசே இதைச் சொல்லிக் கெஞ்சுகிறார். நெகேமியா 9, சங்கீதம் 86, 103, 145, யோவேல் 2 என்று திரும்பத் திரும்ப வருகிறது. யோவான் தன் முதல் அதிகாரத்தில், வார்த்தையாகிய இயேசு மாம்சமாகி “கிருபையினாலும் சத்தியத்தினாலும் நிறைந்தவராய்” வாசம்பண்ணினார் என்று எழுதும்போது, சீனாய் மலையில் கேட்ட அந்தச் சத்தம்தான் என் காதில் விழுகிறது. புதுக் குணம் ஒன்றும் இல்லை. அதே குணத்துக்கு இப்போது கையும் காலும் முகமும் வந்திருக்கின்றன.

சத்துருவைச் சிநேகிப்பதும் மலைப்பிரசங்கத்தில் திடீரென்று முளைத்ததல்ல. உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் ஒதுங்கிப் போகாதே, அவனுக்கு உதவி செய் என்கிறது யாத்திராகமம் 23. நம்மை வெறுக்கிறவனோடு சேர்ந்து குனிந்து, அவன் கழுதையைத் தூக்கிவிடுவதைக் கற்பனை செய்து பாருங்கள். “உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக” என்பது, யாரும் வாசிக்காத லேவியராகமத்தில் இருக்கிறது.

எதிர்ப் பக்கத்தையும் பார்த்துவிடுவோம். புதிய ஏற்பாட்டில் கோபம் இல்லையா? நரகத்தைக் குறிக்கும் ‘கெஹென்னா’ என்ற சொல் அங்கே 12 இடங்களில் வருகிறது. 11 இடங்களில் பேசுகிறவர் இயேசு. காணிக்கையில் பொய் சொன்ன அனனியாவும் சப்பீராளும் விழுந்து செத்தது, பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளுக்குப் பின்பு. “நம்முடைய தேவன் பட்சிக்கிற அக்கினியாயிருக்கிறாரே” என்று எபிரெயர் 12 சொல்வது உபாகமத்திலிருந்து எடுத்தது. என் சட்டைப்பைப் புத்தகத்திலும் இவை எல்லாம் இருந்தன. நான்தான் அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டினேன்.

சரி, யோசுவா. அதைத் தவிர்த்தால் உங்களுக்குப் பதில் சொன்னதாகாது. அந்தப் பட்டணங்களில் குடியிருந்த கானானியர் விஷயத்தில் தேவன் அவசரப்படவில்லை. அந்தத் தேசத்தாராகிய எமோரியருடைய அக்கிரமம் இன்னும் நிறைவாகவில்லை என்று ஆபிரகாமிடம் சொல்லி, நானூறு வருஷம் பொறுக்கிறார். எரிகோ பட்டணத்தில், இஸ்ரவேலின் வேவுகாரரை ஒளித்துவைத்த ராகாப் என்ற பெண் தப்புகிறாள். மத்தேயு எழுதிய வம்ச வரலாற்றில் அவள் பெயர் இயேசுவின் முன்னோரோடு இருக்கிறது. சொந்த ஜனமான இஸ்ரவேலுக்கும் சலுகை கிடையாது. நீங்களும் அப்படியே செய்தால் தேசம் உங்களையும் கக்கிப்போடும் என்று முன்பே எச்சரித்திருந்தார். கி.மு. 722இல் அவர்களுடைய வடக்குத் தலைநகர் சமாரியா விழுந்தது, கி.மு. 586இல் தெற்குத் தலைநகர் எருசலேம் எரிந்தது. இவ்வளவும் சொன்ன பிறகும், குழந்தைகளை நினைத்தால் அந்த அதிகாரங்களில் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அது அடைக்காதவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. நான் செய்வது ஒன்றுதான்: அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல், சிலுவையின் பக்கத்தையும் கூடவே திறந்துவைத்து வாசிக்கிறேன். நியாயத்தீர்ப்பு அங்கே ரத்தாகவில்லை. தீர்ப்புச் சொல்ல வேண்டியவரே அதைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார்.

உங்கள் தோழியின் தாத்தா உவமை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வயதானால் சாந்தமாகிறவர், இன்னும் வயதானால் என்ன ஆவார்? ஒரு தடவை மாறியவர் மறு தடவை மாறமாட்டார் என்பதற்கு யார் ஜாமீன்? மல்கியா வசனத்தை முழுவதும் வாசியுங்கள்: “நான் கர்த்தர், நான் மாறாதவர், ஆகையால் யாக்கோபின் புத்திரராகிய நீங்கள் நிர்மூலமாகவில்லை.” அந்த ‘ஆகையால்’ என்ற சொல்லைப் பென்சிலால் கோடிட்டு வைத்திருக்கிறேன். அவர் மாறாதது பயப்பட வேண்டிய விஷயம் என்று நினைத்திருந்தேன். நாம் பிழைத்திருப்பதே அதனால்தான் என்கிறார் தீர்க்கதரிசி.

கேள்வி: ஒன்று சாமுவேல் 15இல், சவுலை ராஜாவாக்கியதற்காகக் கர்த்தர் மனஸ்தாபப்பட்டார் என்று இருக்கிறது. அதே அதிகாரத்தில், மனஸ்தாபப்பட அவர் மனுஷன் அல்ல என்றும் இருக்கிறது. எதை நம்புவது?
– கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: நல்ல கண் தம்பி உங்களுக்கு. 11ஆம் வசனத்தில் பட்டார், 29இல் படமாட்டார், 35இல் மறுபடியும் பட்டார். மூன்று இடத்திலும் எபிரெயத்தில் ஒரே வினைச்சொல்தான். இந்த அதிகாரத்தில் நான் இரண்டு முறை பிரசங்கித்திருக்கிறேன். இரண்டு முறையும் 29ஆம் வசனத்தைத் தாண்டிக் குதித்தேன். யாரும் கேட்கவில்லை. நீங்கள் அங்கே இருந்திருந்தால் மாட்டியிருப்பேன்.

எழுதியவர் இவ்வளவு பக்கத்தில் இந்த மூன்றையும் வைத்திருக்கிறார் என்றால் கவனக்குறைவாக இருக்க முடியாது. மனஸ்தாபம் என்றால் இன்று நமக்கு இரண்டு பேருக்குள் வந்த சண்டை. சொல்லைப் பிரித்தால் மனதின் வேதனை. சவுல் விலகிப்போனது அவருக்கு வலித்தது, அது 11. அதற்காக அவர் சொன்ன சொல்லை மாற்றிப் பேசுகிறவர் அல்ல, கெஞ்சினாலும் தீர்ப்பை விலைபேச முடியாது, அது 29. மாறாதவர் என்றால் உணர்ச்சியில்லாதவர் என்று பொருளல்ல. தராசை நினைத்துப் பாருங்கள். தட்டில் வைப்பதற்கு ஏற்ப முள் அசைந்தால்தான் தராசு சரியாக இருக்கிறது. எதை வைத்தாலும் முள் அசையாமல் நின்றால் அது பழுது. எரேமியா 18இல், குயவன் வீட்டில், கர்த்தர் இதைத்தான் விளக்குகிறார்: ஒரு ஜாதி பொல்லாப்பைவிட்டுத் திரும்பினால் நானும் செய்ய நினைத்த தீங்கைச் செய்யமாட்டேன். திரும்பியது ஜாதி. அவர் அளக்கும் விதம் அன்றும் இன்றும் ஒன்றே.

கேள்வி: தேவன் மாறாதவர் என்றால் பன்றி இறைச்சி சாப்பிடக் கூடாது என்ற சட்டம் மட்டும் ஏன் மாறியது?

பதில்: சட்டம் அவர் கொடுத்தது, அவருடைய குணம் அல்ல. இஸ்ரவேலைப் பிற ஜாதிகளிலிருந்து பிரித்து வைக்கக் கொடுத்த வேலி அது. வேலிக்கு வெளியே இருந்த கொர்நேலியு என்ற ரோமப் படைத்தலைவரின் வீட்டுக்குப் பேதுரு போகவேண்டிய நாள் வந்தபோது, விலக்கப்பட்ட மிருகங்கள் நிறைந்த துப்பட்டி ஒன்று இறங்கி, அடித்துச் சாப்பிடு என்று சொல்லும் தரிசனம் அவருக்கு வந்தது (அப்போஸ்தலர் 10). இன்னொன்று: புதிய உடன்படிக்கை வரும் என்று சொன்னதே பழைய ஏற்பாடுதான். எரேமியா 31ஐ வாசியுங்கள், கிறிஸ்துவுக்கு ஆறு நூற்றாண்டு முந்தியது. மனம் மாறியவர் அறுநூறு வருஷத்துக்கு முன்பே அறிவிப்புக் கொடுப்பாரா?

கேள்வி: பழைய ஏற்பாட்டை எங்கிருந்து தொடங்கினால் பயமில்லாமல் வாசிக்கலாம்?

பதில்: யோனா. நான்கே அதிகாரம், 48 வசனம், ஒரே அமர்வில் முடித்துவிடலாம். யோனாவை விழுங்கிய மீனைப் பற்றி அதிகம் யோசிக்காமல் நான்காம் அதிகாரத்துக்குப் போய்விடுங்கள். யோனாவின் எச்சரிக்கையைக் கேட்டு மனந்திரும்பிய நினிவே பட்டணம் தப்பித்ததும் அவருக்குக் கடுங்கோபம். சீனாய் மலையில் கர்த்தர் சொன்ன அதே வாக்கியத்தை, நீர் இரக்கமும் மன உருக்கமும் உள்ளவர் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் நினிவேக்குப் போகாமல் முதலில் ஓடினேன் என்று, புகாராக அவர் முகத்துக்கு நேரே சொல்கிறார். பழைய ஏற்பாட்டின் தேவன் ரொம்பக் கோபக்காரர் என்று நாம் முறையிடுகிறோம். பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி ஒருவரின் குறை அவருக்குக் கோபம் போதவில்லை என்பது. வாசித்துவிட்டு எழுதுங்கள், அப்புறம் மறுபடியும் யோசுவாவைத் திறக்கலாம்.